சாவிகளுக்குப் பெயர் எழுதியவர்

நோய்த்தணிப்புப் பிரிவில் செவிலியராக எனக்கு இது 14-ஆவது வருடம். இனி குணப்படுத்த முடியாது என்று முடிவான பிறகு எங்களிடம் வருகிறார்கள். வலியைக் குறைப்பது, மூச்சுத் திணறலுக்கு மருந்து தருவது, உலர்ந்த வாயை ஈரப் பஞ்சால் துடைப்பது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, இவைதான் வேலை. "எப்படித்தான் அங்கே இருக்கிறாயோ" என்று கேட்பார்கள். சாவைப் பார்ப்பது கஷ்டம்தான். அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது, சாவை ஒளித்துவைக்கிற வேலை.

முதல் சில வருடங்கள் அதையும் செய்திருக்கிறேன். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர், உடைஞ்சு போயிடுவார்" என்று பிள்ளைகள் வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். உள்ளே போனால் அந்த அப்பா, பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று ஒன்றும் தெரியாதவர் போல இருப்பார். அறையில் நான்கு பேர் இருப்பார்கள். நான்கு பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்க முடியாது.

அப்படி ஒரு பெரியவர். கல்லீரல் முழுக்கப் புற்று பரவியிருந்தது. வயிற்றில் புண் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். இரவு இரண்டு மணி இருக்கும், வலிக்கான மார்ஃபின் மருந்து கொடுக்கப் போனேன். "புண்ணுன்னா இந்நேரம் ஆறியிருக்கணுமே, சிஸ்டர்?" என்றார். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே, அவரையே பேச விடு என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு என்னங்கய்யா தோணுது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போற நேரம் வந்துட்ட மாதிரிதான் தோணுது" என்றார். நான் மறுக்கவில்லை. அழுதார். நான் எழுந்து போகவில்லை, அவ்வளவுதான் செய்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக, மேற்கொண்டு மருந்து கேட்காமல் விடியும்வரை தூங்கினார்.

மறுநாள் டாக்டர் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார். மகனுக்கு என்மேல் கோபம். அது எனக்குப் புரிந்தது. பெரியவர் முதலில் கேட்டது வீட்டுச் சாவிக்கொத்தை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியுமாம். சின்னச் சின்னதாக அட்டை வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எழுதி, சாவியில் கட்டினார். கை நடுங்கியதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் முடியவில்லை. மகன்தான் நூலில் முடிச்சுப் போட்டார். அப்பாவும் மகனும் பேசியதெல்லாம் அந்த முடிச்சுகளுக்கு நடுவில்தான். ஒன்பதாவது நாள் போய்விட்டார். இரண்டு சாவிகள் பாக்கி இருந்தன. அவற்றுக்கு மகனே அட்டை கட்டினார்.

சிசிலி சாண்டர்ஸ் செவிலியராக இருந்து, பிறகு மருத்துவம் படித்து, 1967-இல் லண்டனில் சாகப்போகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். சாகப்போகிறவரின் வலி உடம்போடு முடிவதில்லை. மனசு, உறவுகள், வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி எல்லாம் அதில் சேரும், அதுதான் முழு வலி என்றார். பயிற்சியில் இதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். புரிந்தது அந்த இரவில்.

எங்கள் பிரிவுக்கு வருவதையே 'கைவிட்டுவிட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். அவர்களிடம் ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்வேன். பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்துச் செய்தது, 2010-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே தணிப்புக் கவனிப்பும் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளுக்கு ஆளானவர்களும் அவர்களில் குறைவு. அப்படியும் அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. எல்லா நோய்க்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம் வந்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்ற பயத்தை இது கொஞ்சம் தளர்த்துகிறது.

இத்தனை பார்த்தவளுக்குப் பயம் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். போன வருடம் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயாப்ஸி முடிவுக்குக் காத்திருந்த ஆறு நாளும் பல் தேய்க்கும்போதுகூடக் கை நடுங்கியது. அத்தனை வருட அனுபவமும் எங்கே போனதென்று தெரியவில்லை. முடிவு வரட்டும், அதுவரை வீட்டில் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வராந்தாவில் என் கையைப் பிடித்த அத்தனை பிள்ளைகளும் அப்போது ஞாபகத்துக்கு வந்தார்கள். அன்று ராத்திரியே கணவரிடம் சொல்லிவிட்டேன்.

கட்டி சாதாரணமானதுதான். அந்தச் செய்தி வந்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. "எனக்கு எப்போது என்ன வந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், திரும்பி வர வழியில்லை என்றால் வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "எனக்கும் அப்படியே செய்துடு" என்றார்.