ஷிஃப்ட் விசையைத் தொடும் முன்

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலைக்குப் படித்தபோது நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் யோமிடான் என்ற இலவச பிரவுசர் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டிருந்தேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சொல்லின் மேல் மவுஸை வைத்தால், உச்சரிப்பும் பொருளும் சின்னப் பெட்டியில் வந்துவிடும். நான்கு மாதம் தினமும் கட்டுரைகள் படித்தேன், எல்லாம் புரிந்தது. பிறகு ஒருநாள் மாதிரித் தாளைக் காகிதத்தில் எடுத்து உட்கார்ந்தேன். பெட்டி இல்லாமல் ஒரு பத்தியைக்கூட முடிக்க முடியவில்லை. அன்று அழுதேவிட்டேன்.

நீட்சியை நீக்கவில்லை, வரிசையை மாற்றினேன். வாக்கியம் முடியும்வரை கை மடியில் இருக்கும். தெரியாத சொல்லுக்கு ஒரு பொருளை ஊகிப்பேன். அப்புறம்தான் ஷிஃப்ட். தப்பாக ஊகித்த சொற்கள்தான் எனக்கு நன்றாக நின்றன.

பழைய வீடியோக்களில் யோமிச்சான் என்பார்கள், அது யோமிடானுக்கு முந்தைய நீட்சி. அதன் வளர்ச்சி 2023-இல் நின்றுவிட்டது, நீங்கள் யோமிடானையே போடுங்கள். அகராதியையும் தனியாக ஏற்ற வேண்டும், ஆரம்பத்துக்கு ஜேஎம்டிக்ட் என்ற ஜப்பானிய-ஆங்கில அகராதி போதும். ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அதனால் மவுஸ் சொல்லின் முதல் எழுத்தில் இருக்க வேண்டும். 'நிஹோங்கோ' (日本語, ஜப்பானிய மொழி) என்பதன் நடு எழுத்தில் வைத்தால் 'ஹொன்', அதாவது புத்தகம், என்று காட்டும். நான் பல நாள் இதில் குழம்பியிருக்கிறேன்.

வினைச்சொற்களில்தான் இந்தக் கருவி மிகவும் உதவும். 'தபெதாகுனகத்தா' என்று நீளமாக வந்தாலும், 'தபெரு' என்ற மூலச் சொல்லைக் காட்டி, விருப்பம், எதிர்மறை, இறந்தகாலம் என்று பிரித்துத் தரும். சாப்பிட விருப்பமில்லாமல் இருந்தது என்று பொருள். இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்றால் பார்ப்பது. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'ஒகு' என்றால் வைப்பது. ஆங்கில விளக்கத்தில் சுற்றி வளைத்துச் சொல்வது நம் வீட்டுப் பேச்சில் அப்படியே இருக்கிறது. வினை கடைசியில் வருவதும் நமக்குப் புதிதல்ல. தமிழிலேயே யோசித்துப் படியுங்கள், தயவுசெய்து.

ஜேஎம்டிக்ட் ஆங்கிலத்தில் பொருள் தருவதால் நான் ஒரு வேலை கூடுதலாகச் செய்தேன். அன்கி என்பது சொல் அட்டைகளை மனப்பாடம் செய்ய உதவும் செயலி. அதில் 2055492159 என்ற எண்ணில் இருக்கும் அன்கிகனெக்ட் என்ற துணைநிரலைச் சேர்த்தால், பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்தியதும் சொல் அட்டையாகிவிடும். அமைப்பில் ஒருமுறை சொல்லிவைத்தால், அது வந்த வாக்கியமும் கூடவே வரும். அந்த அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தை அழித்துத் தமிழில் எழுதினேன். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் எடுக்கவில்லை. காலையில் தேரடி மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல் போவதற்குள் அன்றைய அட்டைகள் முடிந்துவிடும்.

என்4-க்கு மொத்தம் 180-இல் 90 வேண்டும். அதோடு மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38, கேட்டலில் 60-க்கு 19 குறையக் கூடாது. கேட்டலுக்கு இந்த நீட்சி பெரிதாக உதவாது, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கடைசி மூன்று வாரம் நான் நீட்சியை அணைத்துவிட்டு, தெரியாத சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு, பத்தி முழுவதும் முடிந்த பிறகே தேடினேன்.