ஸ்பானிஷ் படிக்கப் போகும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் கெட்சால்தெனாங்கோ ஊர் ஸ்பானிஷ் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர்தான். வழக்கமாக வாரம் 5 நாள், தினம் 4, 5 மணி நேரம் வகுப்பு. தங்குவது உள்ளூர்க் குடும்பத்தோடு.

அதற்கு முன் ஊரிலிருந்தே அடிப்படையை முடித்துவிடுங்கள். பாளையங்கோட்டையில் காலை 6.30 என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 7 மணி. இணைய வகுப்புக்குத் தோதான நேரம். ஸ்பானிஷில் இரு உயிரொலிகளுக்கு நடுவே வரும் 'd' நமக்கு எளிது, 'அது' என்பதில் வரும் 'து' போலவே மென்மையாகச் சொன்னால் போதும். இடறுவது உயிரில்லாப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் பார்ப்பதில்தான். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னே வரும் el, la என்ற பால் காட்டும் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

படிப்போடு அங்கே தன்னார்வச் சேவையும் செய்ய நினைத்தால், அதை முதல் வாரமே தொடங்காதீர்கள். பேச்சு வராதவரை நீங்கள் அந்த இடத்தாருக்குக் கூடுதல் வேலை. கடந்ததையும் வரப்போவதையும் சொல்ல வந்தபின், மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும் இடம் நல்லது. அனாதை இல்லங்களில் சில வாரப் பணி வேண்டவே வேண்டாம். பழகிப் பிரிவது அந்தக் குழந்தைகளைத்தான் வாட்டும். சுற்றுலா விசாவில் சேவை செய்யலாமா என்று தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுவோர் முதல் நாளே சொல்லிவிடணும்: பீன்ஸ் பயற்றைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு. பெரு, ஈக்வடார் பக்கம் போய்த் திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.