ரிஜெக்ஷன் நோட்டில் என்ன எழுதுவது?

சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) ஓடும் ஷாப்பில் ஒரு ஜாப், அதாவது கடைந்த பாகம், ரிஜெக்ட் ஆனதும் காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்து மறுநாள் யாராலும் எதையும் மாற்றிச் செய்ய முடியாது. கை என்ன செய்தது என்று எழுதினால்தான் அந்த நோட்டுக்குப் பயன்.

30 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் (அளவு விலக அனுமதிக்கும் வரம்பு) சின்ன எச்7 (h7) என்று வைத்துக்கொள்வோம். 29.979-க்கும் 30.000-க்கும் நடுவே, வெறும் 21 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஜாப் 30.02 வருகிறது, 0.03 குறைக்க வேண்டும். வியர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கு ஈடாக மெஷினில் ஏற்றும் திருத்த எண்) ஏற்கெனவே +0.08 இருக்கிறது. ஃபானக் கண்ட்ரோலில் -0.03 அடித்து '+இன்புட்' அழுத்தினால் +0.05 ஆகும். வெறும் 'இன்புட்' அழுத்தினால் பழைய எண் அழிந்து -0.03 உட்காரும். அடுத்த ஜாப் 29.91. பெருத்ததைத் திரும்பக் கடையலாம், சிறுத்தது ஸ்கிராப்தான்.

இதற்கு நோட்டில் எழுத வேண்டியது: "+இன்புட்டுக்குப் பதில் இன்புட்." பழக்கமும் அதிலிருந்தே கிடைக்கிறது: கீயைத் தொடும் முன் பழைய எண்ணையும் வர வேண்டிய எண்ணையும் ஷீட்டில் எழுதுவது, திரையில் அதுவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே சைக்கிள் ஸ்டார்ட்.

சூடு இன்னொரு திருடன். ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். ஜாப் 20 டிகிரி கூடுதல் சூட்டோடு இருக்கும்போது அளந்தால் 30 மி.மீ.யில் ஏழு மைக்ரான், அதாவது டாலரன்ஸில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மெஷினில் 29.982 காட்டி ஓகே ஆன ஜாப், ஆறிய பிறகு குவாலிட்டி மேசையில் 29.975. அப்புறம் யார் மைக்ரோமீட்டர் சரி என்று சண்டை. 25–50 மைக்ரோமீட்டரை 25 மி.மீ. ஸ்டாண்டர்டு (அளவு உறுதியான துண்டு) வைத்து ஷிஃப்ட் தொடக்கத்தில் ஜீரோ பார்த்திருந்தால் அந்தச் சண்டையில் பாதி கிடையாது.

புதுப் பழக்கத்தைத் தனியாக நினைவில் வைக்கச் சொன்னால் நிற்காது. ஏற்கெனவே செய்யும் வேலையோடு கட்ட வேண்டும்: ஜாபைக் கழற்றிய கையோடு அதைப் பிடிக்கும் ஜாவைத் துடைப்பது, இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றினால் அடுத்து வருவதை ஃபர்ஸ்ட் பீஸாகவே அளப்பது. ஒரு நேரத்தில் ஒன்று போதும். பன்னிரண்டு கட்டம் போட்ட செக்லிஸ்ட் டீ டைமில் ஒரே மூச்சில் டிக் ஆகிவிடும், இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நோட்டை வைத்துச் சம்பளம் பிடித்தால் கெட்ட ஜாப் சில்லு டிரேவுக்கு அடியில் போய்விடும். நோட்டு சுத்தமாக இருக்கும்.

அதே வரி திரும்பத் திரும்ப வந்தால் ஆளை விட்டுவிட்டு முறையை மாற்றுங்கள். ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் ஆஃப்செட் கூட்ட முடியாதபடி பாராமீட்டரில் வரம்பு வைக்கலாம். 0.03 அடிக்க வேண்டிய இடத்தில் 0.3 விழுவதை அது தடுக்கும். இன்புட் குழப்பத்தைத் தடுக்காது. அதற்கு அந்த ஷீட்டும் பேனாவும்தான்.