பில் இல்லாமல் வந்த கேஸ் சிலிண்டர்கள்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோஜாப் பண்ணைகளின் குளிர்அறைகளுக்கு சர்வீஸ் செய்வது என் தொழில். பழைய யூனிட்கள் பல இன்னும் ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸில்தான் ஓடுகின்றன. ஓசோன் படலத்தை அரிக்கும் கேஸ் அது. ஓசோனைக் காக்க உலக நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகள் இந்த வகைக் கேஸ்களை 2025-க்குள் 67.5 சதவீதம் குறைத்து, 2030-இல் சர்வீஸுக்கான சிறு அளவு தவிர மற்றதை நிறுத்த வேண்டும். வரத்து குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் திருட்டுச் சரக்கு வரும்.

எனக்கும் வந்தது. "அண்ணா, ஹார்பர்ல இருந்து நேரா வந்த சரக்கு. பாதி விலைக்குத் தர்றேன், பில் மட்டும் கேட்காதீங்க" என்றார் ஒரு கடைக்காரர். பெட்டியில் 134ஏ என்று, ஓசோனை அரிக்காத வேறொரு குளிரூட்டும் கேஸின் பெயர் அச்சடித்திருந்தது. உள்ளே இருப்பது 22 என்று அவரே சொன்னார். லைசென்ஸ் தேவைப்படும் கேஸை வேறு பெயரில் சுங்கத்தைத் தாண்டி எடுத்துவருவது உலகம் முழுக்க நடக்கும் மோசடி.

நிழலில் கிடந்த சிலிண்டர் ஒன்றில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினேன். 25 டிகிரியில் 134ஏ என்றால் 82 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில் முள் நிற்க வேண்டும். 22 என்றால் 137. முள் 135-ஐத் தாண்டி நின்றது. இதை ஒவ்வொரு மெக்கானிக்கும் செய்து பார்க்க வேண்டும். 134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்து வந்து, அது அலுமினியத்தோடு வினைபுரிந்ததில் 2011-இல் கப்பல் கண்டெய்னர்களின் குளிர்சாதன யூனிட்கள் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் அலைச்சல். முதலில் போன அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். விசாரித்ததில் விஷயம் புரிந்தது. ஓசோனை அரிக்கும் கேஸ்களின் கணக்கு டெல்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவில். இறக்குமதி லைசென்ஸ் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தில். கடத்தலைப் பிடிப்பது சுங்கத்துறையும் வருவாய் புலனாய்வு இயக்குநரகமும். அப்புறம் சென்னையில் உள்ள புலனாய்வு அலுவலகத்துக்கு எழுதினேன்.

போனில் பேசிய அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அவருக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது பெட்டியின் படம்: பேட்ச் எண், தயாரித்த நாடு, சிலிண்டரில் பொறித்த எண். அவை இருந்தால் துறைமுகத்தில் தாக்கலான பில் ஆஃப் என்ட்ரியோடு (இறக்குமதி அறிவிப்புப் பத்திரம்) ஒப்பிட்டு, கொண்டுவந்தவரைத் தேடலாம் என்றார். என் பெயர் வெளியே வராது என்று உறுதி தந்தார். கடைக்காரரிடம் திரும்பப் போய்ப் பேச்சுக்கொடுக்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். விசாரணை எதுவரை போனது என்று தகவல் கொடுத்தவருக்குச் சொல்ல மாட்டார்கள். சரி, அது அவர்கள் முறை. துறைமுகத்தில் எல்லாக் கண்டெய்னரையும் திறந்து பார்க்க முடியாது. தப்பி வந்த சிலிண்டர் கடைசியில் நம் கைக்குத்தான் வருகிறது, அதனால் நாம் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பயந்துபோய் வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடாதீர்கள். 13.6 கிலோ சிலிண்டர் ஒன்றைத் திறந்துவிட்டால், 24 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமமாகப் பூமி சூடாகும். வால்வை மூடி, நிழலில் அப்படியே வைத்து, பெட்டியையும் கிழிக்காமல், புகாரில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.