ஒரு தையல்கூட

"இதில் ஒரு தையல்கூட மெஷின் தையல் கிடையாதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒரு தையல்கூடக் கிடையாது" என்று சொன்னேன்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஊசியில் நூலைக் கோத்து, தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முதல் தையல் போட உட்காரும்போது அந்தப் பதில் வந்து முன்னால் நிற்கிறது. அவர் சொன்ன வார்த்தையையே எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். "கையால் தைத்ததா?" என்று மட்டும் கேட்டிருந்தால் "ஆமாம்" என்றிருப்பேன், அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்திருக்கும். அவர் "ஒரு தையல்கூட" என்று கேட்டுவிட்டார்.

இங்கிலாந்தில் பார்வையாளர்கள் வந்து பார்க்கும் ஒரு பழைய மாளிகைக்காக, பதினெட்டாம் நூற்றாண்டு உடைகளின் நகல்களைக் கையால் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அந்த அம்மா பார்த்தது அப்படியொரு கவுன். அதன் கீழ்ப்பாதியில், துணியின் அகலங்களை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் நீளத் தையல்களில் மூன்று மெஷினில் ஓட்டியவை. ஓட்டியது நான்தான். ஈஸ்டருக்கு மாளிகை திறக்கிறது, முந்தின நாள் இரவு ஒன்பது மணி. வழிகாட்டிகள் போட்டுக்கொள்ள மூன்று கவுன்கள் முடிந்தாக வேண்டும், இரண்டுதான் முடிந்திருந்தன. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மூலையில், மாதிரி உடைகளைக் காடாத்துணியில் ஓட்டிப் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருந்த மெஷின் இருந்தது. ஒவ்வொரு தையலும் நாற்பது அங்குலம். கையால் தைத்தால் தலா அரை மணி நேரம். ஒன்றரை மணி நேரம்தான் மிச்சமானது. இதை எழுதும்போதுதான் கணக்குப் பார்க்கிறேன். ஒன்றரை மணி நேரம்.

அந்தக் கவுன் 1770களின் ஆங்கிலப் பாணி. முதுகில் கொசுவம் கொசுவமாக மடித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை தைத்து இறக்கி, இடுப்பில் வெட்டாமல் அதே துணி கீழே பாவாடையாக விரிந்து போகும். இதற்குக் காகித அளவுப்படம் கிடையாது. போடப்போகிறவர் உள்ளாடையும் அதன் மேல் இறுக்குக் கச்சையும் கட்டிக்கொண்டு நிற்க, லினன் லைனிங்கை முதலில் உடம்பிலேயே பொருத்த வேண்டும். அதன் மேல் துணியைப் போட்டுக் குண்டூசி குத்திக்கொண்டே மடிக்க வேண்டும். முன்பக்கம் பொத்தானும் இல்லை, காஜாவும் இல்லை. தினமும் குண்டூசியால்தான் மூடுவார்கள். நான் பட்டறையில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க இந்த முதுகுக் கொசுவம் எனக்கு வரவில்லை. சேலைக் கொசுவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற கைக்கு இது பிடிபடாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தையல் வந்தது. அதற்குக் காரணம் அத்தை. ஊரில் வீட்டிலேயே சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுப்பார், சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். ஹெம்மிங்கைத் துணியின் மேல்பக்கம் புள்ளிகூடத் தெரியாமல் போடக் கற்றுக் கொடுத்தவர் அவர். அந்தப் பெருமையோடு முதல் கவுனின் பாவாடையைப் பொடிப்பொடியாகத் தைத்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பட்டறையை நடத்துபவர் (நம் ஊர் வழக்கப்படி அவரை மனதுக்குள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன்) நூலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. பிரித்துவிடுங்கள்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்தில் உடையின் விலையில் பெரும்பகுதி துணிக்குத்தான், தையல் கூலி அதில் சிறு பங்கு. அதனால் கவுனைத் தைக்கும்போதே என்றைக்காவது பிரித்து மாற்றித் தைக்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு தைத்தார்கள். உடம்பு பெருக்கும், பாணி மாறும், மகளுக்குப் போகும். நீளத் தையல்களை அகல அகலமாக ஓட்டுத்தையலில் போட்டால் ஓரிடத்தில் நூலை வெட்டி இழுத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். பொடித்தையலெல்லாம் லினன் உள்ளாடைக்கு. அதைத்தான் திரும்பத் திரும்பத் துவைத்து அலசுவார்கள், தையல் தாங்க வேண்டும். எங்கே நெருக்கித் தைப்பது, எங்கே தளர்த்தித் தைப்பது என்பதுதான் கைத்தையலில் முக்கால்வாசி அறிவு. அன்றைக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் பிரித்தேன். பிறகு புரிந்தது. இல்லை, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தனியாக வந்திருந்தார். தொடலாமா என்று கேட்டார். எங்கள் உடைகள் நகல்கள்தான், தொடலாம். முதலில் கையின் விளிம்பைப் பார்த்தார். அப்புறம் முதுகுக் கொசுவம். பிறகு இடுப்பிலிருந்து கீழே, பக்கத் தையலின் மேலேயே கட்டைவிரலை வைத்து இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் விரல் நின்றது.

நின்றது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு உண்மையாகவே நின்றதா, அல்லது மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் நானாக நிறுத்திவிட்டேனா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆனால் கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. என் பதிலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "லீட்ஸில் கோட்டுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். கோட்டின் கைகள் மட்டும். ஒரு முழுக் கோட்டை நான் தைத்ததே இல்லை." பிறகு துணியை விட்டுவிட்டு, "நல்ல வேலை, லவ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்து வயதானவர்கள் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மெஷின் தையல் மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு நூல் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பூட்டுத்தையல் அது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1846ல், எங்கள் கவுனின் காலத்துக்கு எழுபது வருடம் பின்னால். முப்பது வருடம் அதே தையலைக் கையில் வாங்கியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரிந்திருக்குமே! அப்படியென்றால் தெரிந்துகொண்டுதான் கேட்டாரா? "இது மட்டும் நம் தையல்தானே" என்று ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரியிடம் கேட்டதா அது? நான் "ஆமாம், நேரம் போதவில்லை" என்றிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போமோ? அல்லது அவருக்கு ஒன்றும் தெரியாமல், தான் ஆயுள் முழுக்கச் செய்ததைவிட இது உயர்ந்தது என்று நம்பிக்கொண்டு போனாரா? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் முதலாவது, சில நாள் இரண்டாவது.

எனக்காக நானே வாதாடியதும் நிறைய உண்டு. முதல் வாதம், அந்தக் காலத்துத் தையற்காரிகளிடம் மெஷின் இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார்கள். அவர்கள் வேகத்துக்காகத்தான் அகலத் தையல் போட்டார்கள். மேல்துணியும் லைனிங்கும் ஒரே தையலில் சேர்ந்து முடியும்படி வேலையைச் சுருக்கினார்கள். பிசிறு உள்ளே தெரிந்தால் கவலைப்படவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண் போகத் தைத்தவர்களுக்குக் கைத்தையல் ஒரு விரதம் இல்லையே.

இரண்டாவது வாதம் இன்னும் பலமானது. அந்தத் துணியே விசைத்தறியில் நெய்தது. அதில் ஓடும் பூக்கொடி அச்சு இயந்திரத்தில் விழுந்தது. அதன் அசல் எங்கள் சோழமண்டலக் கரையில், மூங்கில் கலம்காரிக் கோலால் கையாலேயே எழுதியது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை ஊற வைப்பார்கள். படிகாரத்தால் கோடு போட்டால் சாயவேர்ச் சிவப்பு அந்த இடத்தை மட்டும் பிடிக்கும். நீலத்துக்கு, அவுரி படக்கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடுவார்கள். புதுச்சேரியில் இருந்த கெர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு 1742ல் ஊருக்குக் கடிதமாகவே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் இந்தத் துணிக்கு எதிராகத் தெருவில் இறங்கியதில் 1721ல் சட்டமே வந்தது. அச்சிட்ட பருத்தியை உடுத்தினால் அபராதம். 1774 வரை அந்தத் தடை இருந்தது. இந்தக் கதையை நான் பார்வையாளர்களிடம் ஆசையாகச் சொல்வேன், என் ஊர்க்கதை அல்லவா. ஆனால் "நீங்கள் பார்க்கிற இந்தத் துணி இயந்திரத்தில் அச்சிட்டது" என்று யாரும் கேட்காமல் நாங்களாகச் சொன்னதில்லை. ஐந்து கஜம் இயந்திரத் துணியை மறைக்காமலும் சொல்லாமலும் மாட்டி வைத்திருக்கும்போது மூன்று தையலில் மட்டும் என்ன பெரிய பொய்?

இந்த வாதம் எனக்கு நல்ல தெம்பு கொடுத்தது. பருவம் முடிந்து அந்தக் கவுனைப் பிரிக்க வேண்டி வரும் வரைக்கும்.

அக்டோபரில் வேறொரு வழிகாட்டிக்காக அதைப் பெரிதாக்கச் சொன்னார்கள். முதுகுப் பகுதி பத்து நிமிடத்தில் பிரிந்தது. கையால் தைத்த பக்கத் தையல்கள் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தன. துணியில் மிஞ்சிய ஓட்டைகளை லேசாக ஈரம் தொட்டு நகத்தால் நீவிவிட்டதும் மூடிக்கொண்டன. அப்புறம் அந்த மூன்று. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். இரண்டு நூலும் பூட்டிக்கொண்டு நகரவில்லை. மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை வெட்டி வெட்டி எடுத்தேன். பளபளப்பு ஏற்றிய நெருக்கமான துணி, ஊசி போன இடமெல்லாம் வரிசையாகப் புள்ளி விழுந்து நின்றது, எவ்வளவு நீவியும் மறையவில்லை. ஓரிடத்தில் கத்தரி முனை பட்டு இரண்டு இழை அறுந்தும் போனது.

முதல் வருடம் மாஸ்டர் சொன்ன பாடம் அப்போதுதான் கைக்கு வந்தது. பிரிக்க முடியாத தையல் அந்தக் காலத்துக்குச் செல்லாத தையல். நான் பொய் சொன்னது அந்த அம்மாவிடம் மட்டும் இல்லை என்று தோன்றியது.

லண்டனில் 1741ல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் திறந்தார்கள். விட்டுவிட்டுப் போகும் குழந்தையின் உடுப்பிலிருந்தோ வேறு துணியிலிருந்தோ ஒரு துண்டைப் பதிவுத்தாளோடு குண்டூசி குத்தி வைப்பார்கள். தாய் என்றைக்காவது திரும்பி வந்தால் அந்தத் துண்டுதான் அடையாளம். அப்படி ஏறக்குறைய ஐயாயிரம் துண்டுகள் இன்றும் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, பூப்போட்ட பருத்தி, கோடுபோட்ட லினன், ரிப்பன். ஏழைப் பெண்கள் அந்தக் காலத்தில் உடுத்தியது என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் அவற்றின் படங்களைப் பார்த்து அழுதிருக்கிறேன். துணி சாட்சி சொல்லும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தேன். இப்படி எழுதும்போது மூன்று தையலுக்கு இவ்வளவு கனமா என்றும் இருக்கிறது. கவுனைப் போட்டுக்கொண்டு நின்ற பெண்ணுக்கு அது எந்த வித்தியாசத்தையும் செய்யவில்லை. எதிரே நின்று பார்த்தவர்களுக்கும் செய்யவில்லை.

புள்ளி வரிசையை மாஸ்டர் பார்த்துவிட்டார். மறைக்க நான் முயலவில்லை, அதை மட்டும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஈஸ்டருக்கு முந்தின நாளா?"

"ஆமாம்."

"சொல்லியிருந்தால் நானும் கூட உட்கார்ந்திருப்பேனே."

அவ்வளவுதான். அந்த ஓரத்தை உள்ளே மடித்துப் புதுத்துண்டு கொடுத்துவிடலாம், வெளியே தெரியாது என்று வழியும் சொன்னார். அன்று மாலை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் ஓட்டுத்தையல் போட்டோம். அவரிடம் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. வாய்வரை வந்தது. மெஷினில் ஓட்டியதை மன்னித்துவிட்டார், "ஒரு தையல்கூடக் கிடையாது" என்றதை மன்னிப்பாரா என்ற பயம். இன்றுவரை சொல்லவில்லை. அவர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார்.

அதற்கப்புறம் நான் அந்த மெஷினைத் தொட்டதில்லை. மாதிரி உடையைக்கூடக் கையால்தான் ஓட்டுகிறேன், நேரம் வீண் என்று புதிதாக வந்தவர்கள் சொல்கிறார்கள், அது சரிதான். பார்வையாளர்கள் கேட்கும்போது, "பெரும்பாலும் கைத்தையல்தான்" என்று சொல்லப் பழகிவிட்டேன். துணி இயந்திரத்தில் அச்சிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி, பச்சைப் பட்டுக் கவுன் ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "முழுக்கக் கையிலேயே தைத்தீர்களா?" என்று கேட்டாள். நானும் இன்னொருவரும் ஐந்து வாரம் உட்கார்ந்து தைத்தது. தொடக்க முடிச்சிலிருந்து கடைசி முடிச்சு வரை கைதான்.

"பெரும்பாலும்" என்றேன். அவள் விளிம்பை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.