டைக்கோவின் கேடயங்களும் கெப்ளரின் காசுகளும்

ஸ்வீடனின் லான்ஸ்க்ரூனாவிலிருந்து படகில் அரை மணி நேரத்தில் வென் தீவு. வாடகை சைக்கிளில் மேட்டை ஏறினால், பழைய தேவாலயத்துக்குள், பதினாறாம் நூற்றாண்டு வானியலாளர் டைக்கோ பிராகேயின் அருங்காட்சியகம். 1576-இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் பிரெடெரிக், அன்று டென்மார்க்கிடம் இருந்த இந்தத் தீவையே அவருக்கு மானியமாகக் கொடுத்தார். விண்ணை நோக்க அவர் அங்கே எழுப்பிய உரானிபோர்க் மாளிகை இன்று இல்லை. தோட்டத்தை ஓரளவு மீட்டிருக்கிறார்கள்.

மாளிகை இருந்த இடத்தில் நின்று, கைப்பேசியில் வைத்திருந்த செப்புத்தகட்டு அச்சோவியங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலாவது, 1586-இல் யாக்கோப் தெ கெய்ன் செதுக்கியது. உலகின் மிகத் துல்லியமான கருவிகளை வைத்திருந்த மனிதரைச் சுற்றிலும் வளைவு முழுக்க மூதாதையர் குலச்சின்னங்கள், கேடயம் கேடயமாக! அவற்றில் ரோசன்கிரான்ஸ், குல்டன்ஸ்டெர்ன் குடும்பங்களும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் அந்த இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். கதை நடக்கும் எல்சினோர், இந்தத் தீவு இருக்கும் அதே நீரிணையின் கரையில்தான். 1566-இல் வாள்சண்டையில் அறுபட்ட டைக்கோவின் மூக்கைச் செதுக்கியவர் மறைக்கவில்லை, தண்டின் மேல் கோடு தெரிகிறது. பரம்பரைப் பெருமை பேசும் படத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கோடுதான்.

அடுத்தது 1598-இல் அவரே வெளியிட்ட கருவிகள் நூலில் உள்ள படம். நட்சத்திரங்களின் உயரத்தை அளக்க, சுவரில் பதித்த பெரிய பித்தளைக் கால்வட்டம். அதன் வளைவுக்குள் வரைந்த ஓவியமாக டைக்கோ, கையை நீட்டிக் காட்டியபடி அமர்ந்திருக்கிறார். பின்னணியில் மூன்று தளங்கள்: மேலே விண்ணோக்குபவர்கள், நடுவில் நூலகம், அடியில் ரசவாத உலைகள். விண்ணுக்கும் மண்ணுக்கும் ஒரே கல்வி என்பது அவர் கொள்கை. ஓவியத்துக்கு வெளியே, ஒருவர் நட்சத்திரத்தைப் பார்க்க, ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் எழுத, உண்மையான வேலை ஓடுகிறது. காலடியில் வேட்டைநாய். அது உயர்குலத்துக்கும் அறிவுக்கும் விசுவாசத்துக்கும் அடையாளம் என்று அவரே விளக்கம் எழுதியிருக்கிறார். நாயையும் விடவில்லை மனிதர்.

டைக்கோவின் விண்ணோக்குப் பதிவுகளை வாங்கி வளர்த்த வானியலாளர் கெப்ளர், கோள்களின் இடங்களைக் கணிக்க 1627-இல் வெளியிட்ட ருடால்ஃபீன் அட்டவணைகளின் முகப்புப் படம் வேறு ரகம். கோயில் போன்ற மண்டபத்தில், சூரியனை மையத்தில் வைத்த கோப்பர்னிக்கசின் தூண் எளிமையாகவும் டைக்கோவின் தூண் அலங்காரமாகவும் நிற்கின்றன. கெப்ளர் இருப்பது அடிப்பீடத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். உச்சியில் புனித ரோமப் பேரரசின் கழுகு வாயிலிருந்து காசு உதிர்க்கிறது. அந்தப் பேரரசு தரவேண்டிய சம்பள பாக்கிக்காக வருடக்கணக்கில் அலைந்தவர் கெப்ளர். மேசைக்கு வந்து சேர்ந்திருப்பது ஒன்றிரண்டு காசுதான்.