மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை: எல்லோருக்குமான இசை

ஒரு பள்ளியின் இசைக் கல்வி எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் அதன் ஆண்டு விழாவைத்தான் காட்டுவார்கள். நன்றாகப் பாடும் இருபது முப்பது பேர் மேடை ஏறுவார்கள். மற்ற மாணவர்கள் எதிரே அமர்ந்து கைதட்டுவார்கள். பள்ளியில் இசை கற்பிப்பவன் என்ற முறையில் என் கவலை முழுவதும் அந்தக் கைதட்டும் கூட்டத்தைப் பற்றியது. மூன்று வயதில் பள்ளிக்குள் நுழையும்போது அவர்கள் அனைவரும் பாடிக்கொண்டுதான் வந்தார்கள். பதினேழு வயதில் வெளியேறும்போது அவர்களில் எத்தனை பேர் கூச்சமின்றி வாய்திறந்து பாடுகிறார்கள் என்பதை வைத்தே அந்தப் பள்ளியின் இசைக் கல்வியை நான் மதிப்பிடுவேன்.

மழலை வகுப்பில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது நம் குரலைத்தான். நான்கைந்து வயதுக் குழந்தைக்கு இயல்பாக எட்டும் எல்லை மிகச் சிறியது. பியானோவின் நடு சி-க்கு அடுத்த டி-யில் தொடங்கி ஏ வரை ஐந்து சுரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் தங்களுக்கு வசதியான சுருதியில் பாட்டைத் தொடங்கிவிடுவதால், அந்தப் பிஞ்சுக் குரல் கீழே எட்ட முடியாமல் பேச்சொலியாக மாறிவிடுகிறது; உடனே “இந்தக் குழந்தைக்குச் சுருதி சேரவில்லை” என்ற முத்திரை விழுகிறது. வருகைப் பதிவின்போது ஒவ்வொரு பெயரையும் பஞ்சமத்திலிருந்து (ப) காந்தாரத்துக்கு (க) இறங்கும் இரண்டே சுரங்களில் பாடி அழைத்துப் பாருங்கள். ஒரு குழந்தை வேறொரு சுரத்தில் பதில் சொன்னால், அதைத் திருத்தாமல், ஆசிரியர் அந்தச் சுரத்தையே தன் குரலில் எடுத்துக்கொண்டு மீண்டும் அழைக்க வேண்டும். தன் குரலும் இன்னொரு குரலும் ஒன்றாகச் சேரும்போது எப்படி இருக்கும் என்பதை அந்தக் குழந்தை முதன்முதலாகக் காதால் உணர்வது அப்போதுதான். சேர்ந்திருப்பது எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த குழந்தை பிறகு தானே தேடி வந்து சேர்ந்துகொள்ளும்.

இசைக்கான உள்ளார்ந்த திறன் ஏறத்தாழ ஒன்பது வயது வரை சூழலுக்கேற்ப மாறக்கூடியது, அதன் பிறகு நிலைபெற்றுவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் எட்வின் கார்டன் வாதிட்டார். அதை முழுமையாக ஏற்காதவர்களும் உண்டு. ஆனாலும் தொடக்க வகுப்புகளில் இசைக்குத் தரும் நேரத்தைக் குறைக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹங்கேரியின் கெச்கெமேட் நகரில் 1950-இல், இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் முன்வைத்த கருத்துகளின் வழியில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பிற பாடங்களைப் போலவே அங்கு இசையும் அன்றாடப் பாடம். வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கொடுப்பதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் கொடுப்பது மேல் என்பதை இந்த வயதினரோடு பழகிய எவரும் ஒப்புக்கொள்வார்கள். கருவிகளுக்கும் இடமுண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் முறையில் பயன்படும், கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன்களில் வேண்டாத கட்டைகளைக் கழற்றிவிடலாம். மத்தியமத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள். அதன் பின் குழந்தை எதைத் தட்டினாலும் மற்றவர் வாசிப்போடு உறுத்தாது. சுரங்களை எழுதிப் படிப்பது இதற்கெல்லாம் பிறகு வர வேண்டியது.

அடுத்து வரும் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான காலத்தில்தான் பெரும்பாலான பள்ளிகளில் இசைக் கல்வி அறுந்துபோகிறது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருநாள் மேல் சுரங்களை எட்ட முடியாமல் தடுமாறுகிறான், வகுப்பு சிரிக்கிறது, அவன் வாயை மூடிக்கொள்கிறான். உண்மையில் அவனது குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் படிப்படியாக ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரையிலான தொலைவு) கீழே இறங்குகிறது. இந்த மாற்றத்தை 1970-களில் விரிவாக ஆராய்ந்த அமெரிக்க இசைக் கல்வியாளர் ஜான் குக்ஸி, அது ஓர் ஒழுங்கான வரிசையில் நிகழ்வதைக் காட்டினார். முதலில் மேல் சுரங்கள் போகின்றன. இடையில் குரலின் எல்லை மிகவும் சுருங்குகிறது. பிறகு கீழ்ப்பகுதி விரிந்து நிலைகொள்கிறது. சிறுமிகளின் குரலும் சற்று இறங்குகிறது, காற்று கலந்து ஒலிக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதுகூட இல்லை.

“சார், எனக்கு இனிமேல் பாட்டு வராது” என்று இந்த வயதில் ஒருவன் வந்து நிற்கும்போது, “எதுவரை இறங்குகிறது, பாடிக் காட்டு” என்று கேட்பதே நான் கைக்கொள்ளும் வழி. அவனுடைய எல்லையைக் குறித்துவைத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்தால், இழந்தவற்றோடு புதிதாகக் கிடைத்த சுரங்களும் அவன் கண்முன் இருக்கும். வகுப்புக்கு ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும் பாடல்களைத் தேர்ந்து, குரல் இறங்கியவர்களைக் கீழ் ஸ்தாயியில் பாடவிட்டு, இடைநிலையில் தத்தளிப்பவர்களுக்கு இரண்டு மூன்று சுரங்கள் மட்டுமே கொண்ட ஒரு துணை வரியைத் தரலாம். சுருதியை அரைக் கட்டை மாற்றினாலே பாடத் தொடங்கிவிடுபவர்கள் உண்டு. எந்த நிலையிலும் ஒரு மாணவனிடம் சொல்லக் கூடாதது, “நீ வாயை மட்டும் அசை” என்பது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பாட்டை நிறுத்திய பெரியவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன ஆசிரியரின் முகம்கூட அவர்களுக்கு மறக்கவில்லை.

இன்னொரு தடை நிர்வாகம் சார்ந்தது. மழலை, தொடக்கநிலை, உயர்நிலை என்று மூன்று ஆசிரியர்கள் இருந்து, ஒருவர் கற்பித்தது மற்றவருக்குத் தெரியாமல் போனால், மாணவர்கள் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை மூன்றாவது முறையாக முதலிலிருந்து தொடங்க நேரிடும். ஒவ்வொரு வகுப்பும் கற்ற பாடல்கள், பழகிய தாளங்கள், அடையாளம் காணும் சுரங்கள் ஆகியவற்றை ஒரு சாதாரண நோட்டில் எழுதி அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைத்தால் போதும்.

உயர்நிலை வகுப்புகளில் இசையைத் தேர்வுப் பாடமாக எடுப்பவர்கள் சிலரே. அவர்களுக்கு இலக்கணமும் நுணுக்கமும் வேண்டும். எடுக்காதவர்களுக்கும் வாரம் ஒருமுறை சேர்ந்து பாடவும், கணினியில் ஒரு மெட்டை அமைத்துப் பதிவுசெய்யவும் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இவர்களுக்கு மதிப்பெண்ணும் தரவரிசையும் தேவையில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பாடலையும், முடிவில் அதே பாடலையும் பதிவுசெய்து, இரண்டையும் அந்த மாணவரோடு அமர்ந்து கேட்டு, எந்த இடத்தில் மூச்சு நீண்டிருக்கிறது, எந்தச் சுரம் இப்போது அசையாமல் நிற்கிறது என்று பேசினால், அதுவே அவர்களுக்குப் போதுமான தேர்வு.